சந்தனக் காப்பும் ஒரு மாத்திரையும்

வட திருமுல்லைவாயிலில் எழுந்தருளியுள்ள மாசிலாமணீசுவரருக்கு ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பு. தொண்டைமான் மன்னன் படையுடன் வந்தபோது அவனது யானையின் கால் முல்லைக் கொடிகளில் சிக்கிக்கொண்டது. மன்னன் வாளால் கொடிகளை வெட்டினான். வெட்டிய இடத்தில் குருதி பெருகியது. பதறிப்போய்ப் பார்த்தபோது அங்கே சிவலிங்கம் இருந்தது என்பது தலவரலாறு. அந்த வெட்டுக் காயத்தைக் குளிர்விக்கவே சந்தனம் சாத்துகின்றனர். சித்திரைச் சதயத்தை ஒட்டி ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் காப்பு களையப்பட்டு, இறைவனின் திருமேனியை உள்ளபடி தரிசிக்க வாய்க்கிறது.

இந்தத் தலவரலாற்றை அம்பத்தூரைச் சேர்ந்த 68 வயது அன்பர் ஒருவர் தம் பிள்ளைகளுக்கும் பேரக் குழந்தைகளுக்கும் பல முறை சொல்லியிருக்கிறார். ஆவடியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். முப்பது ஆண்டுகளாகப் பிரதோஷந்தோறும் முல்லைவாயில் செல்வது அவரது வழக்கம். பகல் முழுவதும் விரதம். மாலையில் தரிசனம் முடிந்த பிறகே உணவு. அப்படிப்பட்டவர் ஒரு பிரதோஷத்தன்று தீபாராதனைக்குச் சற்று முன்பாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியேறினார். அதன் பிறகு பத்து மாதங்கள் அவர் கோயில் பக்கமே செல்லவில்லை.

அன்று நடந்தது அவருடைய துணைவியாருக்கு மட்டுமே தெரியும். வயிறு திடீரென்று கலங்கியது, அடக்க முடியவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறக் கூசி, மேல் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு இருட்டும் வரை தெருவோரமாகவே நடந்து வீடு சேர்ந்தார். நீராடிவிட்டுப் பூசை அறைக்குள்ளும் நுழையாமல் திண்ணையிலேயே அமர்ந்திருந்தார்.

நோயும் மருந்தும்

அவருக்கு வந்திருந்தது நியூரோஎண்டோகிரைன் கட்டி என்னும் அரிய வகைப் புற்றுநோய். ஹார்மோன்களைச் சுரக்கும் செல்களில் தோன்றுவது. சிறுகுடல், கணையம், நுரையீரல் முதலிய இடங்களில் வரக்கூடியது. 1907இல் ஓபர்ன்டார்ஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதற்குப் ‘புற்றுநோயை ஒத்தது’ என்று பொருள்படும் ‘கார்சினாய்டு’ என்ற பெயரைச் சூட்டினார். 2018இல் இந்தி நடிகர் இர்ஃபான் கான் தமக்கு இந்நோய் வந்திருப்பதை வெளிப்படையாக அறிவித்தபோதுதான் நம் நாட்டில் பலரும் இதன் பெயரைக் கேள்விப்பட்டனர். இவ்வகைக் கட்டிகளில் பல மெதுவாக வளர்பவை. முற்றிலும் நீங்காவிட்டாலும், மருந்தின் துணையுடன் பல்லாண்டுகள் வாழ்வோர் உண்டு.

அன்பருக்குச் சிறுகுடலின் கடைப்பகுதியை அறுவை சிகிச்சையில் நீக்கினார்கள். கல்லீரலிலும் சிறு சிறு கட்டிகள் இருந்தமையால் 28 நாட்களுக்கு ஒருமுறை ஆக்ட்ரியோடைட் என்ற ஊசி போடப்பட்டது. கட்டியிலிருந்து கசியும் ஹார்மோனை அடக்குவது அந்த ஊசி. போட்ட சில வாரங்களில் முகம் திடீரெனச் சிவந்து எரிவது நின்றது. வயிற்றுப்போக்கும் குறைந்தது. குடும்பமே முல்லைவாயில் இறைவனுக்கு நன்றி கூறியது.

சில மாதங்கள் சென்றன. வயிறு மீண்டும் கெட்டது. இம்முறை உப்புசமும் துர்நாற்றமும் சேர்ந்துகொண்டன. நெய்யும் எண்ணெயும் ஆகவில்லை. அன்பர் ஒவ்வொன்றாக நிறுத்தினார். பொங்கல் போயிற்று, தேங்காய் போயிற்று, பால் போயிற்று. கடைசியில் கஞ்சியும் மோரும் மட்டும் மிஞ்சின. 64 கிலோ எடையிருந்தவர் 51 கிலோவுக்கு இறங்கினார். ஊசி போடச் செல்லும்போதெல்லாம் மருத்துவர், “வயிறு எப்படி இருக்கிறது?” என்று கேட்பார். “ஒன்றும் குறையில்லை” என்பதே பதில். தம்மைவிட இளைய ஒருவரிடம், அதுவும் மகன் அருகில் நிற்கும்போது, இதையெல்லாம் எப்படிச் சொல்வது? ஊசியையே நிறுத்திவிடலாம் என்றும் மனத்துக்குள் எண்ணத் தொடங்கியிருந்தார்.

துணைவியார் எழுதிய நோட்டு

வாய் திறந்தவர் அவருடைய துணைவியார்தாம். ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒருபுறம் அவர் உண்டதையும் மறுபுறம் வயிறு கலங்கிய நேரத்தையும் ஒரு மாதம் தவறாமல் எழுதிவந்த அந்த அம்மையார், அடுத்த முறை மருத்துவமனைக்குச் சென்றபோது நோட்டை மருத்துவரின் மேசை மீது வைத்தார். “டாக்டர், இவர் சொல்லமாட்டார். நீங்களே படித்துப் பாருங்கள்” என்றார்.

மருத்துவர் முழுவதையும் படித்தார். பிறகு மகனைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டுச் சில கேள்விகள் கேட்டார். மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையுடன் மிதக்கிறதா? தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாமல் ஒட்டுகிறதா? அன்பர் தலை குனிந்தபடியே ஆம் என்றார்.

இந்நோயில் வயிற்றுப்போக்கு ஒன்றே ஆயினும் காரணம் ஒன்றல்ல என்று மருத்துவர் விளக்கினார். கட்டி சுரக்கும் ஹார்மோனால் வரலாம். குடலின் கடைப்பகுதியை நீக்கியவர்களுக்குப் பித்தநீர் உறிஞ்சப்படாமல் பெருங்குடலில் இறங்குவதாலும் வரலாம். சாதாரணக் கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். நான்காவது, ஊசியாலேயே வருவது. ஹார்மோனை அடக்கும் அதே ஊசி, கணையம் சுரக்கும் செரிமானச் சாற்றையும் அடக்கிவிடுகிறது. கொழுப்பு செரிக்காமல் அப்படியே வெளியேறுகிறது, உடல் மெலிகிறது, ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் உடன் போய்விடுகின்றன. ஒவ்வொரு காரணத்துக்கும் மருந்து வேறு. “நீங்கள் சொல்லாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் ஐயா? நீங்கள் இருந்தது விரதம் அல்ல, பட்டினி” என்றார்.

பரிசோதனைகளுக்குப் பின் கணைய நொதி மாத்திரை எழுதித் தந்தார். தரும்போது ஓர் உண்மையையும் கூறினார்: “இது பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. நீங்கள் சைவ உணவு உண்பவர். மறைத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.” தாவரத்திலிருந்து எடுத்தது கிடைக்காதா என்று அன்பர் கேட்டார். இந்தக் குறைக்கு அவை ஈடாகமாட்டா என்றார் மருத்துவர்.

அன்பர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீடு வரும் வரை ஒரு சொல் பேசவில்லை. முட்டை கலந்த ரொட்டியைக்கூடத் தொடாதவர் அவர். “போகிற உயிர் போகட்டும். இதைத் தின்று பிழைக்க வேண்டாம்” என்று இரவில் கூறினார்.

தாயாய் வந்தவன்

அம்மையார் மதுரையில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது பாட்டியின் மடியில் அமர்ந்து திருவிளையாடல் கேட்டு வளர்ந்தவர். மறுநாள் காலை விளக்கேற்றிய பின் மெல்லக் கேட்டார்: “என்னங்க, எங்கள் ஊர்ச் சொக்கநாதர் பன்றிக்குட்டிகளுக்குப் பால் கொடுத்த கதை உங்களுக்கும் தெரியும்தானே?”

குருவின் சாபத்தால் பன்றிக்குட்டிகளாகப் பிறந்த பன்னிருவர், பாண்டியனின் வேட்டையில் தாய் தந்தையை இழந்து பசியால் கதறினர். சோமசுந்தரக் கடவுள் தாய்ப்பன்றியின் வடிவெடுத்து வந்து அவர்களுக்குப் பாலூட்டினார். பின்னாளில் அப்பன்னிருவரும் பாண்டியனுக்கு அமைச்சர்களாயினர்.

“குட்டிகள் பசியோடு கிடக்கின்றன என்றதும் பன்றி வடிவம் தமக்குத் தகுமா என்று சுவாமி யோசிக்கவில்லை. நீங்கள் நாவின் ருசிக்காகவா கேட்கிறீர்கள்? உண்ட சோறு உடம்பில் ஒட்டுவதற்காக. அன்றைக்குப் பாலாக வந்தவர் இன்றைக்கு மாத்திரையாக வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.”

அன்பர் மறுமொழி கூறவில்லை. மூன்று நாட்கள் கழித்துத் தயிர்ச்சோற்றின் முதல் கவளத்தோடு முதல் மாத்திரையை விழுங்கினார். எதிரே அமர்ந்திருந்த அம்மையார் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

மாத்திரையை வெறும் வயிற்றிலோ உண்டு முடித்த பிறகோ விழுங்கிப் பயனில்லை. முதல் வாயோடு செல்ல வேண்டும். கொழுப்புள்ள சிற்றுண்டிக்கும் பால் கலந்த காப்பிக்கும்கூட வேண்டும்; பழத்துக்குத் தேவையில்லை. இவற்றையெல்லாம் அம்மையார் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். மூன்று வேளை உணவு ஆறு சிறு வேளைகளாயிற்று. குடல் நீக்கப்பட்டவர்களுக்குக் குறையக்கூடிய பி12 சத்துக்குத் தனி ஊசி போடப்பட்டது. நொதியின் அளவு இரு முறை கூட்டப்பட்டது. நான்கு மாதங்களில் எடை 56 கிலோவுக்கு ஏறியது. முழுக்கச் சரியாகிவிடவில்லை, சில நாட்கள் இன்னும் கலங்கத்தான் செய்கிறது.

புண்ணுடைய இறைவன்

கோயிலுக்குச் செல்லும் தயக்கம் மட்டும் தீரவில்லை. திடீரென்று வயிறு கலங்கினால் என்ன செய்வது? டயப்பர் அணிந்து சந்நிதிக்குச் செல்வது தகுமா? ஒரு நாள் பிற்பகல் கூட்டமில்லாத நேரத்தில் கோயிலின் வெளி வாயில் வரை சென்றவர், அங்கே தாம் நெடுநாளாக அறிந்த, தேவாரம் ஓதும் முதியவர் ஒருவரிடம் தணிந்த குரலில் இதைக் கேட்டார்.

முதியவர் நிதானமாகச் சொன்னார்: “நீராடி, துவைத்த வேட்டி கட்டி வாருங்கள். அதற்கு மேல் யாருக்கு என்ன விதி? இந்த ஊர் இறைவனே குருதி சிந்தியவர். புண்ணுடையவர் உள்ளே வரக்கூடாது என்றால் கருவறையில் அவரே இருக்க முடியாதே!”

பிறகு சுந்தரரை நினைவூட்டினார். திருவொற்றியூரில் சத்தியம் தவறிக் கண்ணிழந்த நம்பி, இந்த முல்லைவாயிலுக்கு வந்துதான் தம் துன்பத்தைக் களையுமாறு பாடினார். கண் இங்கே கிடைக்கவில்லை. அடுத்துத் திருவெண்பாக்கத்தில் கிடைத்தது ஓர் ஊன்றுகோல். கண் கேட்டவருக்குக் கோலா என்று அவர் அதை வீசியெறிய, நந்தியின் கொம்பு ஒடிந்ததாகத் தலவரலாறு கூறும். அப்படியும் இறைவன் அவரைக் கைவிடவில்லை. காஞ்சியில் இடக்கண்ணையும் ஆரூரில் வலக்கண்ணையும் தந்தான். “அதுவரை வழி நடத்தியதும் அவன் அருள்தானே?” என்றார் முதியவர்.

அன்பர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மாத்திரை அட்டை அதில் இருந்தது.

நம் இல்லங்களிலும் இத்தகைய நோயுடன் போராடும் பெரியவர்கள் இருக்கலாம். உண்ண முடியாததை விரதம் என்றும், சொல்லக் கூசுவதைப் பொறுமை என்றும் எண்ணி அவர்கள் உள்ளுக்குள் தேய்வதுண்டு. அவர்களைக் கடிந்துகொள்ளாமல் அருகில் அமர்ந்து கேட்க வேண்டும். கேட்டதை மருத்துவரிடம் தயங்காமல் கூற வேண்டும். உடலைக் காப்பதும் வழிபாட்டின் ஒரு பகுதியே.

அடுத்து வந்த சித்திரைச் சதயத்தன்று அன்பரும் துணைவியாரும் முல்லைவாயிலுக்குச் சென்றனர். அவசரமானால் எளிதில் வெளியே வர வசதியாக வரிசையின் ஓரத்திலேயே நின்றனர். சந்தனம் களைந்த திருமேனியின் முன் தீபம் உயர்ந்தபோது அன்பர் கைகூப்பி நெடுநேரம் நின்றார். எதையும் வேண்டிக்கொள்ளவில்லை என்று பிறகு அம்மையாரிடம் கூறினார்.

வெளியே வந்ததும் தொன்னையில் சிறிதளவு சர்க்கரைப் பொங்கல் கிடைத்தது. அன்பர் ஒரு தூண் அருகே அமர்ந்து, சட்டைப் பையில் திருநீற்றுப் பொட்டலத்தோடு வைத்திருந்த மாத்திரையை எடுத்தார். நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு, முதல் கவளத்தோடு அதை விழுங்கினார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நெய் மணக்கும் பிரசாதம் அவர் வயிற்றில் நிலைத்து நின்றது.