அணையில் தண்ணீர் பூஜ்யம்!

வெளியே மழை வெளுத்து வாங்குது. எதிரே இருக்கிற மலையே கண்ணுக்குத் தெரியலை. ஆனா, என் லேப்டாப்பில் மட்டும் பிளவக்கல் அணை வறண்டு கிடந்துச்சு. பெரியாறு 0 அடி, கோவிலாறு 0 அடி. ஒருநாள் ரெண்டு நாள் இல்லை... மூணு வருஷத்து மழைக்காலம் மொத்தமும் 0!

கொஞ்சம் பின்னாடி போயிட்டு வருவோம். எங்க ஊர் வத்திராயிருப்பு பக்கம். பிளவக்கல்னா ஒரு அணை இல்லை பாஸ், ரெண்டு. 47 அடி பெரியாறு, 42 அடி கோவிலாறு. (முல்லைப் பெரியாறு வேற. காலேஜில் பாதிப் பேர் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்கிறாங்க.) அங்கேயிருந்து கண்மாய்க்குத் தண்ணி வந்தாத்தான் எங்க தாத்தாவுக்கு நெல். அதனால அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூணு மாசமும் பேப்பரில் வர்ற நீர்மட்டத்தைத் தினமும் ஒரு நோட்டில் எழுதிவைப்பார்.

நான் ராஜபாளையத்தில் ஒரு சின்ன கம்பெனியில் இன்டர்ன். 'பழகுறதுக்கு நீயே ஒரு புராஜெக்ட் எடு'ன்னாங்க. தாத்தா நோட்டை எடுத்தேன். 92 நாள், மூணு வருஷம், ரெண்டு அணை... ஆக 552 எண்கள். நாலு ராத்திரி உட்கார்ந்து தட்டி முடிச்சேன். முடிச்ச பெருமையில் அம்மாகிட்ட, "இனிமே இந்த நோட்டே தேவையில்லைம்மா"ன்னு ஒரு பந்தா விட்டேன். அம்மா அதை அப்படியே நம்பி, நோட்டைப் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுட்டாங்க. இந்த விஷயம் தாத்தாவுக்குத் தெரியாது.

இப்போ புரியுதா, அந்த 0-வைப் பார்த்ததும் எனக்கு ஏன் வேர்த்ததுன்னு?

நான் பயன்படுத்தினது ஹைபர்னேட். 2001-ல் கேவின் கிங் ஆரம்பிச்ச ஜாவா சமாச்சாரம். நாம கிளாஸ் எழுதினா போதும்; கிளாஸுக்கு ஒரு டேபிள், அதில் இருக்கிற ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு காலம்னு அதுவே டேட்டாபேஸில் போட்டுக்கும். 'அப்டேட்'னு ஒரு செட்டிங் இருக்கு. அதை வெச்சா, கிளாஸில் புதுசா ஏதாவது சேர்த்தாலும் டேபிளில் தானா சேர்ந்துடும். சொகுசோ சொகுசு!

என் கிளாஸில் நீர்மட்டத்துக்கு 'லெவல்'னு பேர் வெச்சிருந்தேன். டீம் லீடர் அண்ணன் பார்த்துட்டு, "என்ன லெவலு? கேம் லெவலா?"ன்னு சிரிச்சார். ரோஷம் வந்து 'வாட்டர்லெவல்'னு மாத்தினேன். ரீஸ்டார்ட். அணை காலி.

முதல்ல கிராஃப் வரையிற கோடைச் சந்தேகப்பட்டேன். அடுத்து க்வெரி. ஒரு மணி நேரம் வீண். சரி, இன்னிக்குத் தேதிக்கு ஒண்ணு புதுசா போட்டுப் பார்ப்போம்னு போட்டா, மைஎஸ்க்யூஎல் கோபமா ஒரு வரி துப்புச்சு. 'லெவல்'ங்கிற ஃபீல்டுக்கு டிஃபால்ட் வேல்யூ இல்லையாம். அட, 'லெவல்'னு ஒரு ஃபீல்டே என் கிளாஸில் இல்லையேப்பா! செத்துப்போனவன் பேரில் தபால் வந்த மாதிரி இருந்துச்சு.

அண்ணன்கிட்ட காட்டினேன். "தம்பி, கிளாஸையே மொறைச்சுப் பார்க்காத. டேபிளைத் தொறந்து பாரு."

தொறந்தேன். 'லெவல்', 'வாட்டர் லெவல்'னு ரெண்டு காலமும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கு! புதுசில் எல்லாம் 0. பழசில் தாத்தாவோட 552 எண்ணும் பத்திரமா இருக்கு. போன உயிர் வந்தது.

நடந்தது இதுதான். ஹைபர்னேட்டுக்குப் பழைய கதை எதுவும் ஞாபகம் இருக்காது. இப்போ இருக்கிற கிளாஸையும் இப்போ இருக்கிற டேபிளையும் பக்கத்தில் வெச்சுப் பார்க்கும், அவ்வளவுதான். 'வாட்டர் லெவல்' டேபிளில் இல்லையா? சேர்த்துடு. நான் பேரை மாத்தினேன்னு அதுக்கு எப்படித் தெரியும்? எங்க ஊரைத் தமிழில் வத்திராயிருப்புன்னும் இங்கிலீஷில் வத்ராப்னும் எழுதுவாங்க. ஒரே ஊர்னு நமக்குத் தெரியும், அதைக் கேட்டா ரெண்டு ஊர்னுதான் சொல்லும். நான் கொடுத்த டைப் 'டபுள்'. அதில் காலி இடத்துக்கு வழியே இல்லை. அதனால புதுக் காலத்தைக் கட்டாயமா நிரப்பணும்னு ஹைபர்னேட் சொல்லிடுச்சு, மைஎஸ்க்யூஎல்லும் பழைய வரிசை எல்லாத்துக்கும் 0 போட்டு நிரப்பிடுச்சு. பழைய காலத்தையோ 'அப்டேட்' தொடாது, அழிக்காது. அதுவும் 'கட்டாயம்'னே இருந்ததாலதான் புது என்ட்ரி முட்டிக்கிச்சு.

பைத்தானில் ஜாங்கோ பயன்படுத்துறவங்க கொஞ்சம் கொடுத்துவெச்சவங்க. 'இந்தப் பேரைத்தான் மாத்தினீங்களா?'ன்னு அது வாயைத் திறந்து கேட்கும். தூக்கக் கலக்கத்தில் 'இல்லை'ன்னு தட்டிட்டு மைக்ரேஷனை ஓட்டினீங்கன்னா, பழைய காலமே காலி. அதையும் சொல்லிட்டேன்.

என் கேஸில் வைத்தியம் ரெண்டே வரி. பழைய காலத்தில் இருந்ததைப் புதுசுக்கு மாத்தி ஒண்ணு, பழசைத் தூக்கி ஒண்ணு. அதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்தேன், சத்தியமா! அப்புறம் 'அப்டேட்'டை எடுத்துட்டு 'வேலிடேட்' போட்டேன். அது ஒத்துப்போகுதான்னு மட்டும் பார்க்கும். ஒத்துப்போகலைன்னா கத்தும், எதையும் மாத்தாது. 'அப்டேட்'டுக்குப் பக்கத்திலேயே 'கிரியேட்'னு ஒண்ணு இருக்கு. ஸ்டார்ட் ஆகும்போது டேபிளையே தூக்கிட்டுப் புதுசா போடும். அதை வெச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அண்ணன் விளக்கினப்போ, டீ இறங்கலை.

சாயங்காலம் தாத்தாகிட்ட நோட்டு போன கதையைச் சொல்லிட்டேன். லேப்டாப்பில் கிராஃபைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். திட்டலை.

"கோவிலாத்துக்குத் தனியா போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன் தாத்தா."

"சரி. நாளைக்கு வரும்போது நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கிட்டு வா."