வெள்ளிநிறப் பெட்டியும் பழைய தட்டுகளும்

1982ஆம் ஆண்டில் பம்பாயில் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. டிஸ்கோ தாளத்தில் பத்து இராகங்கள் என்பது அதன் பொருள். வாசித்தவர் சரண்ஜித் சிங். இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் பல்லாண்டுகள் கித்தார் வாசித்து, திரையில் பெயர் வராமலே வீடு திரும்பிய கலைஞர்களுள் ஒருவர். அத்தட்டில் வீணை இல்லை, தபேலா இல்லை. ஜப்பானிய ரோலண்டு நிறுவனத்தின் மூன்று மின்னணுக் கருவிகளைத் தவிர வேறெதுவும் இல்லை. வாங்குவாரின்றித் தட்டு மறக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 2002இல், எடோ பௌமன் என்னும் டச்சு இசைத்தட்டுச் சேகரிப்பாளர் அதனைத் தில்லியில் கண்டெடுத்தார். 2010இல் அது மீண்டும் அச்சாயிற்று. எழுபதைக் கடந்த பின்னர் சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் அதே இராகங்களை வாசிக்க, பேரன் வயதுடைய இளைஞர்கள் ஆடினார்கள். 2015இல் அவர் மறைந்தார்.

இவ்வரலாற்றைக் கொல்லிமலைக்கு ஏற்றிவந்தவன் எங்கள் மகள்வயிற்றுப் பேரன். கடந்த கிறிஸ்மஸ் விடுமுறைக்கு வந்தவனின் பையில் அத்தட்டு இருந்தது. "அம்மாயி, அந்தப் பழைய பெட்டி பாடுமா?" என்று கேட்டுக்கொண்டே பரணில் ஏறிவிட்டான். ஆசிரியப் பணியில் மாற்றலாகி நாங்கள் செம்மேட்டுக்கு வந்தபோது, எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒருவர் மடியில் குழந்தையும் மற்றவர் மடியில் இசைத்தட்டுக் கட்டுமாக ஏறிவந்தோம். குழந்தை வாந்தி எடுத்தது, தட்டுகள் தப்பின. மலையின் பனி மூட்டத்திலிருந்து மட்டும் அவை தப்பவில்லை. உறையைப் பிரித்தால் சாம்பல் பூத்ததுபோல் பூஞ்சணம். நடுவிலுள்ள தாள் நனையாதபடி பிடித்துக்கொண்டு, இளஞ்சூடான நீரில் துளி சோப்புக் கரைத்து, மெல்லிய துணியால் வரிப்பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, நிழலில் நிறுத்தி உலர்த்தினோம். இரண்டு நாள் வேலை. ஒரு நாதசுரத் தட்டு பிழைத்தது. திரைப்பாடல் தட்டுகள் ஐந்து பிழைத்தன. கிறிஸ்து பிறப்புப் பாடல் தட்டொன்று நடுவில் விக்கி விக்கிப் பாடுகிறது, அதனையும் வைத்துக்கொண்டோம்.

பிறகு பேரனின் தட்டு சுழன்றது. முதலில் வந்தது பைரவ். நம் பக்கத்து மாயாமாளவகௌளைதான். பாட்டுக் கற்கும் எந்தக் குழந்தையும் முதலில் சந்திக்கும் இராகம். ஆனால் இங்கு அது நிற்காமல் துடிக்கும் ஒரு தாளத்தின்மீது ஏறி ஓடுகிறது. எங்களை நிமிர்ந்து உட்காரச் செய்தது, சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்லும் அக்குரல். ஆர்மோனியத்தை நினைத்துக்கொண்டோம். கட்டைக்கொரு சுரம் என்று நிற்கும் அதற்குக் கமகம் வராது என்பது பெருங்குறையாகப் பேசப்பட்டது. 1940இல் அகில இந்திய வானொலி அதனை விலக்கி வைத்து, 1971இல்தான் மீண்டும் உள்ளே விட்டது. அதற்கிடையிலும் கோவில்களில் அது பாடிக்கொண்டுதான் இருந்தது என்பது வேறு கதை. மரப்பெட்டிக்கு வராத அந்த வழுக்கல் இந்த வெள்ளிநிற நெகிழிப் பெட்டிக்கு வருகிறது. சுரத்தைச் சுரத்தோடு இழைக்கும் ஏற்பாடு அதனுள்ளேயே இருக்கிறது. டி.பி.303 என்னும் இக்கருவி, தனியே பயிலும் கித்தார்க் கலைஞருக்கு அடிநாதம் துணை வாசிப்பதற்காகச் செய்யப்பட்டது. அடிநாதக் கித்தாரைப் போல் அது ஒலிக்கவில்லை, வாங்குவோர் குறைந்தனர், 1984இல் உற்பத்தி நின்றது. பழைய பொருளாக மலிந்து கிடந்ததை எடுத்துச் சிகாகோ இளைஞர்கள் திருகிப் பார்த்ததில், 1987இல் 'ஆசிட்' என்ற ஆட்ட இசை பிறந்தது என்பார்கள். சரண்ஜித் சிங்கோ அதற்கு ஐந்தாண்டு முன்பே சிங்கப்பூரில் அதை வாங்கி வந்து, இராகத்துக்கு ஏற்ற கருவி இதுவென்று கண்டுகொண்டார். புதியதொரு ஆட்டத்தைத் தொடங்க அவர் எண்ணவில்லை. தம் காதில் இருந்ததையே வாசித்தார்.

புத்தாண்டுக்கு முந்திய மாலையில் எங்கள் வாசலில் பேரன் தன் சிறு கருவியை ஒலிபெருக்கியோடு இணைத்தான். எங்கள் நாதசுரத் தட்டிலிருந்து எடுத்த ஒரு பிடியை அதனுள் போட்டுவைத்திருந்தான். அது வரவர அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஆடத் தொடங்கினர். பலாமரத்தடியில் நாங்களும் கையைத் தட்டிக் காலை அசைத்தோம். முழங்கால் இசைந்த அளவுக்கு. திருவிழாக்களில் மேளம் அடிக்கும் பெரியவர் ஒருவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார். நெடுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, ஆடுற புள்ளைக்கு மூச்சு வாங்குது. உன் பொட்டி அதைப் பாக்குமா?" என்று கேட்டார்.

"பொட்டி பாக்காதுங்க ஐயா. நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிப் பேரன் குமிழைத் திருகினான். ஓட்டம் தணிந்தது, பிள்ளைகள் மூச்சுவிட்டனர், மறுபடி சூடேறியது. பெரியவர் வீட்டுக்குப் போய்த் தம் மேளத்தை எடுத்துவந்து தீயில் காய்ச்சினார். அதன்பின் ஒரு மணி நேரம் யார் யாரைத் தொடர்ந்தார்கள் என்று சொல்வதற்கில்லை.

விடைபெறும்போது அவர் எங்களிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அடுத்த நோம்பிக்குத் தம்பியைக் கூப்பிட்டுக்கிட்டா, எங்க நாலு பேருக்குக் கூலி உண்டா வாத்தியாரே?"

இக்கேள்வியை இசையின் இன்பத்தால் மூடிவிட முடியாது. பம்பாயில் ஒரு பாடலுக்குப் பலர் கூடி வாசித்த காலம் ஒன்று உண்டு. மூன்று கருவிகளோடு ஒருவரே தட்டை முடித்ததும் அந்நகரில்தான். பெயர் வராத கலைஞருக்கு அத்தனியுரிமை ஒரு விடுதலையாக இருந்திருக்கலாம் என்றே எண்ணுகிறோம். ஆனால் எழுந்து போன மற்ற நாற்காலிகளும் நம் கண்ணில் படவேண்டும். பேரனிடம் அன்றிரவே சொன்னோம். "அவர் வந்தா நானும் வர்றேன் அப்புச்சி. அவர் இல்லேன்னா நானும் இல்லை" என்றான். ஊர்க்கூட்டம் இதற்கு என்ன சொல்லும் என்பது வைகாசியில் தெரியும்.

தட்டை எங்களிடமே விட்டுப் போயிருக்கிறான். சில மாலைகளில் பெரியவர் வந்து திண்ணையில் அமர்ந்து, பூபாளி வரும் பகுதியைப் போடச் சொல்வார். நாம் மோகனம் என்பது. கேட்டுக்கொண்டே வந்து, ஓர் இடத்தில், "இங்க ஒரு அடி குறையுது" என்று தூணில் தட்டி நிரப்புகிறார்.