அக்கா வங்கியை விட்டது

எங்கட அக்கா ஏழு வருசம் வேலை செய்த தனியார் வங்கியை விட்டுப்போட்டு அரசாங்க வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகுது. இப்ப வவுனியாப் பக்கம் ஒரு பிரதேச செயலகத்தில முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர், மூன்றாம் தரம். வங்கியில ஏறி வந்த படியெல்லாம் இறங்கி, திரும்ப முதல் படியில நிக்கிறா. யாழ்ப்பாணத்தில வீட்டில இருந்து போய் வந்தவ இப்ப அறை எடுத்து இருக்கிறா. ஆனாலும் ஊரில கேள்விப்பட்ட எல்லாரும் "நல்ல முடிவு" எண்டுதான் சொல்லிச்சினம். ஏன் விட்டவ எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல.

கேக்கத் தேவையில்லை எண்டு நினைச்சிருப்பினம். "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கோணும்" எண்ட பழமொழியே பதில் சொல்லிப்போடும். அதைப் பகிடியாக்கிறது லேசு. ஆனால் அதுக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கு. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவுக்கு ரயில்வே வேலைக்கும் கிளாக்கர் வேலைக்கும் போன யாழ்ப்பாணத்தவர்கள் பென்சனோடு திரும்பி வந்து கல்வீடு கட்டினார்கள். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த பிறகு, சிங்களச் சோதனை எழுதாட்டி மேல போகேலாது எண்ட நிலையில் எத்தனையோ தமிழ் உத்தியோகத்தர் முன்கூட்டியே இளைப்பாறினார்கள். ஒருக்கால் திறந்திருந்து, பிறகு முகத்துக்கு முன்னால சாத்தப்பட்ட கதவு அது. அக்காவின்ட நியமனக் கடிதத்தை அம்மா சாமிப் படத்துக்கு முன்னால வைச்சுக் கும்பிட்டதை நாங்கள் அப்படித்தான் விளங்கிக்கொள்ளுறம்.

அக்காவுக்குக் கீழ நாங்கள் இரண்டு பேர், இரட்டையர். இரண்டு பேரும் கலைப்பீடம். அக்கா விலகல் கடிதம் குடுக்க முதல், ஒரு கொப்பியை நடுவில வைச்சுக் கோடு கீறிக் கணக்குப் பாத்தம். வங்கிப் பக்கம்: அக்காவின்ட 8 வீதமும் வங்கியின்ட 12 வீதமும் சேர்ந்து ஈபிஎஃப், அதோட 3 வீதம் ஈரிஎஃப், போனஸ், குறைஞ்ச வட்டியில ஊழியர் கடன். அரசாங்கப் பக்கம்: 60 வயதில ஓய்வு, அதுக்குப் பிறகு சாகும்வரை பென்சன், வருசத்துக்கு 21 நாள் அமைய விடுமுறை. வங்கியில அது 7 நாள். 2025 பாதீட்டில அரச ஊழியரின்ட ஆகக்குறைஞ்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவில இருந்து 40,000 ரூபாவுக்குப் படிப்படியாக் கூட்டுறதாச் சொன்னதையும் எழுதினம். அப்படியும் கணக்கு வங்கிப் பக்கம்தான் சாய்ஞ்சது. வீட்டுக்குக் கூரை போட எடுத்த ஊழியர் கடன், விலகின மாதத்தில இருந்து வெளியாக்களுக்கான வட்டிக்கு மாறும். பென்சனுக்கு இன்னும் 31 வருசம் இருக்கு.

அக்கா கொப்பியைப் பாத்துச் சிரிச்சா. "கணக்கு சரி பிள்ளையள். ஆனா நான் இதுக்காகப் போகேல்ல" எண்டா.

2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டி வீதங்களை 7 வீதப் புள்ளிகளால் கூட்டினது. எங்கட வகுப்பில அது ஒரு வரைபடத்தில செங்குத்தா ஏறிற கோடு. அக்கா அந்தக் கோட்டுக்குக் கீழ, அடகுப் பகுதியில இருந்தவ. கேஸ் வரிசையில நிண்ட சனம் அங்கால தாலிக்கொடியோட அடகு வரிசையிலயும் நிண்டது. தவணை தப்பினால் முதல்ல கடிதம், பிறகு போன், கடைசியில ஏலம். போன் எடுக்கிற வேலை அக்காவுக்கு. எங்களுக்குச் சின்னனில மாங்காய் பிடுங்கித் தந்த மாமிக்கும் அவதான் எடுத்தவ. "பிள்ளை, நீயோ கதைக்கிறாய்?" எண்டு மாமி கேட்டிருக்கிறா. "ஓம் மாமி" எண்டு சொல்லிப்போட்டு அக்கா ஏலத் திகதியை வாசிச்சிருக்கிறா. அதுக்குப் பிறகு அந்த ஒழுங்கையால அவ போறதில்லை. அந்த வருசம்தான் வெள்ளிக்கிழமை கஸற் பாக்கத் தொடங்கினவ.

புது இடத்தில எல்லாம் சுகம் எண்டு நாங்கள் எழுதினால் அக்காவே சிரிப்பா. 2023இல் தொடங்கின அஸ்வெசும கொடுப்பனவில பேர் விடுபட்ட ஆக்கள் இப்ப அவவின்ட மேசைக்கு வருகினம். அங்க ஏலத் திகதி வாசிச்சவ, இங்க "உங்கட பேர் பட்டியலில இல்லை அம்மா" எண்டு சொல்லுறா. மேன்முறையீட்டுப் படிவத்தை நிரப்ப ஒரு ஆச்சிக்கு அரை மணித்தியாலம் போகும். வங்கியில அந்த அரை மணித்தியாலம் மாத முடிவில டார்கெட்டுக்குப் பக்கத்தில குறைவா விழும். இங்க அதை எண்ண ஆளில்லை.

எண்ண ஆளில்லாததுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. ஆச்சியை "நாளைக்கு வாங்கோ" எண்டு திருப்பி அனுப்பிற பக்கத்து மேசைக்காரருக்கும் அதே சம்பளம், அதே வருட ஏற்றம். நல்லாச் செய்யிறதும் செய்யாததும் முழுக்க உன்ர கையில. அதுதான் தனக்கு இப்ப பயமா இருக்கு, பத்து வருசத்தில தானும் அப்படி ஆகிடுவனோ தெரியாது எண்டு அக்கா சொல்லுறா.

இதையெல்லாம் நாங்கள் எழுதுறதுக்குக் காரணம் அக்கா மட்டும் இல்லை. கலைப்பீடத்தில கடைசி வருசம் வந்தவுடன எல்லாருக்கும் ஒரே கதைதான். 2017இல் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பட்டதாரிகள் மாதக்கணக்கா வீதியில இருந்தது எங்களுக்கு முந்தின செட்டுகளின்ட கதை. 2020இல் 20,000 ரூபா கொடுப்பனவோட பட்டதாரிகளைப் பயிலுநரா எடுத்தபோது, ஈபிஎஃப் இருந்தவையின்ட பேர்கள் முதல்ல தள்ளுபட்டது. அதனால "தனியாருக்குப் போய் நம்பர் எடுத்துப்போடாதேங்கோ, பிறகு கஷ்டம்" எண்டு சீனியர்மார் சொல்லுகினம். வேலை செய்தது குற்றம் மாதிரியும் சும்மா இருந்தது தகுதி மாதிரியும் ஆகிப்போச்சு. இருபத்திரண்டு வயதில சும்மா இருந்து காத்திருக்கச் சொல்லுற புத்திமதி இது.

அடுத்த கஸற்றுக்கு நாங்களும் விண்ணப்பிப்பம். அதை மறைக்க ஒண்டுமில்லை. ஆனால் அதுவரைக்கும் சும்மா இருக்கப் போறதில்லை, கிடைக்கிற வேலைக்குப் போவம். ஊர் எங்களிட்டயும் ஏன் எண்டு கேக்காது. கேட்டால் சொல்ல அக்காவிட்ட ஒரு காரணம் இருந்தது. எங்கட காரணத்தை நாங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறம்.