சிப்காட் பக்கத்துல குகையா? போடியிலிருந்து வந்த தோழியும் குடியம் மலையும்!

கும்மிடிப்பூண்டி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சென்ட்ரலில் ஏறினால் பல லோக்கல் ரயில்களின் கடைசி ஸ்டேஷன், சிப்காட், இரும்பு உருக்கும் கம்பெனிகள், ஷிஃப்ட் பஸ், தாண்டினால் ஆந்திரா. அவ்வளவுதானே? டிப்ளமோ படித்தபோது என்னோடு ஹாஸ்டலில் இருந்த தோழிக்கும் அப்படித்தான். அவள் போடிநாயக்கனூர்க்காரி. "எங்க ஊர்ல மலை மேல மேகம் நிக்கும். உங்க ஊர்லயும் மேல ஏதோ நிக்குது. ஆனா அது மேகம் இல்லடி" என்று கிண்டலடிப்பாள்.

கத்திரி முடிந்த வாரம், ஓர் இன்டர்வியூவுக்காக வந்தவள் எங்கள் வீட்டில் நாலு நாள் தங்கினாள். கூடவே ஒரு டென்ட்! அவள் அண்ணன் ஆன்லைனில் வாங்கி, பிரிக்காமலேயே பரணில் போட்டு வைத்திருந்ததாம். "எங்கயாச்சும் மலைக்குப் போயி இதப் போட்டுப் படுக்கணும்" என்றாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். மலையடிவாரத்தில் பிறந்தவள்தான். ஆனால் ஏழு வருடமாக எந்த மலையிலும் கால் வைக்காதவள்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீ. சென்னையிலிருந்தும் திருப்பூர், ஈரோடு பக்கமிருந்தும் மலையேற்றத்துக்கு வந்தவர்கள் நடுவில் சிக்கினார்கள். காயமடைந்தவர்களையும் சேர்த்துப் பறிகொடுத்த உயிர்கள் 20-க்கும் மேல். அதில் நிறைய பேர் நம் வயதுப் பெண்கள். அப்போது அவளுக்கு பிளஸ் டூ பரீட்சை நடந்துகொண்டிருந்தது. "ராத்திரி பூரா ஆம்புலன்ஸ் சத்தம். புக்கைத் திறந்து வெச்சிட்டு மலையில எரியிறதப் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்று ஹாஸ்டலில் ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை மூலமாக 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கியபோது மொத்தம் 40 பாதைகளை அறிவித்தார்கள். ஆன்லைனில் பதிவு, கூடவே பயிற்சி பெற்ற உள்ளூர் கைடு என்று ஏற்பாடு. அந்த 40-ல் ஒன்று எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. குடியம் குகை!

எங்கள் அம்மாவைச் சம்மதிக்க வைத்ததுதான் இந்தப் பயணத்திலேயே பெரிய ஏற்றம். "ரெண்டு பொட்டப் புள்ளைங்க, காட்டுக்கா?" என்று ஆரம்பித்தார். பதிவு செய்த ரசீதைக் காட்டினேன். "கைடு யாரு? ராத்திரி தங்குவீங்களா?" ராத்திரி தங்க அனுமதி இல்லை, இறங்கிவிட வேண்டும் என்றதும் அம்மாவுக்குச் சந்தோஷம். தோழிக்கு ஏமாற்றம். டென்ட் மறுபடி பைக்குள் போனது.

விடியற்காலை இருட்டிலேயே ஸ்கூட்டியை எடுத்து, ஊத்துக்கோட்டை வழியாகப் போய்ச் சேர்ந்தோம். குடியம் பகுதி ஊட்டி மாதிரி இருக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முள்ளுக்காடு. இடுப்புயரப் புதர். ஏழரை மணிக்கே முதுகு நனைந்துவிட்டது. ஒரே ஆறுதல் களாப்பழம். கைடு அண்ணன் பறித்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். பக்கத்து ஊர்க்காரர். சின்ன வயதில் ஆடு மேய்த்த இடமாம்.

பாதியில் காய்ந்த புல் மண்டிய சரிவு ஒன்று வந்தது. தோழி நின்றுவிட்டாள்.

"அண்ணே, இங்க தீப்பிடிச்சா எந்தப் பக்கம் ஓடணும்?"

அவர் சிரிக்கவில்லை. "தீ மேட்டப் பாத்துதான் வேகமா ஏறும்மா. அதனால மேல ஓடக் கூடாது. அதோ, அந்த ஓடைக்கல்லு தெரியுதா? புல்லு இல்லாத எடம். அங்க போயிரணும். வெயில் ஏறுறதுக்குள்ள திரும்பிரணும்னு நான் சொல்றது அதுக்கும் சேத்துதான்" என்றார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு அவள் நடக்க ஆரம்பித்தாள். நானும் ஒன்றும் பேசவில்லை.

குகையை நெருங்கும்போது கைடு உதட்டில் விரலை வைத்தார். மேலே பாறையில் பெரிய பெரிய மலைத்தேன் கூடுகள். செண்ட் அடித்துக்கொண்டு வரக் கூடாது, கத்தக் கூடாது, புகை கூடவே கூடாது. நிமிர்ந்து பார்த்தால் மூச்சு நின்றுவிடும். குகை என்றால் இருட்டுப் பொந்து என்று நினைத்திருந்தேன். இது வாயை அகலத் திறந்து வைத்த ஒரு பிரமாண்டக் கூடம். பாறை முழுக்க உருண்டைக் கூழாங்கற்கள், கடலை மிட்டாயில் கடலை பதிந்திருப்பது போலப் பதிந்திருக்கின்றன. ஓரமாக மணச்சம்மன் கோயில். மஞ்சள், குங்குமம், காய்ந்த பூமாலை. உள்ளே நின்றால் வெளியே கொளுத்திய வெயில் வேறு ஏதோ ஊரில் அடித்தது போல அவ்வளவு குளுமை.

இந்தக் கூழாங்கற்கள்தான் இந்த வட்டாரத்தின் மொத்தக் கதையும். ஆதி மனிதன் இந்தக் கல்லை உடைத்துத்தான் கைக்கோடரி செய்திருக்கிறான். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற புவியியலாளர் முதலில் பல்லாவரத்திலும், சில மாதங்கள் கழித்து வில்லியம் கிங்குடன் சேர்ந்து இங்கே கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அதிரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். குடியம் குகையில் 1960-களில் தொல்லியல் துறையின் கே.டி.பானர்ஜி அகழாய்வு செய்தார். பிறகு சாந்தி பப்பு தலைமையிலான குழு அதிரம்பாக்கத்தைத் தோண்டி, அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் அறிவித்தது. 15 லட்சம்! நம் பக்கத்தில் கருவி செய்யும் தொழிற்சாலை சிப்காட் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே இருந்திருக்கிறது என்று நான் சொன்னதற்குத் தோழி தலையில் அடித்துக்கொண்டாள்.

இறங்கும்போது ஒரு கல்லை எடுத்துப் பையில் போடப் போனவளை கைடு தடுத்தார். "கல்லு வேணும்னா பூண்டி மியூசியத்துல பாருங்க." போனோம். பூண்டி ஏரிக்குப் பக்கத்தில் மாநிலத் தொல்லியல் துறை 1985-லிருந்து நடத்தும் சின்ன அருங்காட்சியகம். கண்ணாடிக்குப் பின்னால் உள்ளங்கை அளவு கைக்கோடரிகள். சிறுவர்களை அழைத்துப் போக நல்ல இடம். அன்றைக்கு எங்களைத் தவிர யாருமே இல்லை. வரும் வழியில் ரோட்டோர நுங்கு. ஆளுக்கு ஆறு. இந்தச் சுகத்துக்கு எந்தக் குல்ஃபியும் ஈடாகாது, சண்டைக்கு வராதீர்கள்.

டென்ட்? அதை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கட்டினோம். ஆணி இறங்காததால் நாலு மூலையிலும் தண்ணிக் குடம் வைத்தோம். நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிய அப்பா, மேலே எட்டிப் பார்த்து, "வீட்ல ஃபேன் வேலை செய்யலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தூரத்தில் உருக்காலை வெளிச்சம் ஆரஞ்சு நிறத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தோழி அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் டென்ட் ஜிப்பை மூடிவிட்டு போனை எடுத்தாள். அந்த 40 பாதைகளின் பட்டியல்.

"இதுல எங்க குரங்கணியும் இருக்குடி."

"ம்."

"மழை முடிஞ்சு, புல்லு பச்சையா இருக்கும்போது வர்றியா? அம்மாகிட்ட நானே பேசுறேன்."

வருகிறேன் என்றேன். எந்த அம்மாவிடம் என்றுதான் அவள் சொல்லவில்லை.