கறுப்புப் புகையும் கண்ணில் படாத புகையும்

பழைய வண்டி வாங்குகிறவர் அதன் முந்தைய சொந்தக்காரரின் அலட்சியத்தையும் சேர்த்தே வாங்குகிறார் என்பது எங்கள் தந்தையாரின் கருத்து. தூத்துக்குடியில் முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர் அவர். உப்பும் நிலக்கரியும் ஏற்றியவர். ஆகவே 2023ஆம் ஆண்டில் அண்ணனும் தம்பியுமாக நாங்கள் பணம் சேர்த்து, 2011இல் பதிவான டீசல் எஸ்.யு.வி. ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தியபோது, அவர் இருக்கைகளையோ பெயிண்ட்டையோ பார்க்கவில்லை. பின்பக்கம் போய், சைலன்சர் குழாயின் வாயில் விரலை விட்டு எடுத்து எங்களிடம் நீட்டினார். மையில் தோய்த்ததுபோல் இருந்தது விரல்.

வண்டி வாங்கியதே அவருக்காகத்தான். நெடுநாளைய மூச்சடைப்பு நோய் அவருக்கு. மாதம் ஒருமுறை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் கடந்து திருநெல்வேலி மருத்துவமனைக்குப் போகவேண்டும். பேருந்தின் படியேறுவதற்குள் இளைத்துவிடும். நோய்க்கு மருத்துவர் ஒற்றைக் காரணம் எதையும் சொல்லவில்லை. பீடி உண்டு, கரித்தூள் உண்டு, எஞ்சினுக்கு அருகில் அமர்ந்து கழித்த முப்பது ஆண்டுகளும் உண்டு. அவ்வாறானவரை ஏற்றிக்கொண்டு முதல் நாள் தெருவை விட்டுத் திரும்பியபோது, எங்களுக்குப் பின்னால் தெருவே மறையும்படி கரும்புகை எழுந்தது. தந்தையார் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கண்ணாடியை ஏற்றிக்கொண்ட எங்களுக்கு, தெருவில் நின்றவர்களின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"வெள்ளைப் பொகைன்னா எரியாத டீசல், இல்ல உள்ள தண்ணி. நீலம்னா ஆயில் எரியுது. கறுப்புன்னா காத்து பத்தல தம்பி" என்றார் தந்தையார், இரண்டு மூச்சுகளுக்கு நடுவே.

புகைச் சான்று காலாவதியாகியிருந்தது. பரிசோதனை நிலையத்தில் வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, சைலன்சரில் குழலைச் செருகி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கச் சொன்னார்கள். டீசல் வண்டிக்கு இந்தச் சோதனை அளப்பது ஒன்றைத்தான்: புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்பது. பாரத் ஸ்டேஜ் 4க்கு முந்தைய வண்டிகளுக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகுகள் உச்ச வரம்பு. எங்களுக்கு 82 வந்தது.

முதலில் போன பட்டறையில் நான்கு நாசில்களையும் மாற்றவேண்டும் என்றார்கள். வண்டியின் விலையில் கணிசமான பங்கு அது. நாங்கள் தயங்கியதைக் கண்டு வேறொரு வழி சொன்னார்கள். இ.ஜி.ஆர். வால்வுக்குப் போகும் வழியில் ஒரு தகட்டை வைத்து அடைத்துவிடலாம். அரைமணி நேர வேலை. சில நூறு ரூபாய். புகை நின்றுவிடும், இழுவையும் கூடும் என்றார்கள். நாங்கள் சம்மதித்துவிட்டோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று அங்கே அளவான தகடு இல்லாமற்போனது மட்டுமே எங்களைக் காத்தது.

தகடு கிடைக்கும் வரை காத்திராமல், தந்தையாரின் பழைய நண்பர் ஒருவரிடம் போனோம். திரேஸ்புரத்தில் படகு எஞ்சின்களோடு வாழ்நாளைக் கழித்த அண்ணாச்சி அவர்; பிற்பாடு கார் வேலையும் கற்றுக்கொண்டவர். தகட்டு யோசனையைக் கேட்டதும் அவர் எஞ்சினைப் பற்றிப் பேசவில்லை. சங்கு குளிப்பவர்களைப் பற்றிப் பேசினார்.

இக்கடலில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது. முத்துக் குளித்தவர்கள் கல்லின் கனத்தோடு, மூச்சை அடக்கி இறங்கியவர்கள். சங்கு குளிப்பவர்களோ படகிலுள்ள கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியே வரும் காற்றைச் சுவாசித்துக்கொண்டு அடியில் வேலை செய்கிறார்கள். கம்ப்ரஸர் காற்றை இழுக்கும் இடம் எஞ்சின் புகை வரும் பக்கமாக இருந்துவிட்டால், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து கீழே போகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. "கறுப்பா வந்தா அவன் குழாயத் துப்பிட்டு மேல வந்துருவான். தெரியாம வாரதுதான் ஆளக் கொல்லும்" என்றார் அண்ணாச்சி.

பிறகுதான் வால்வின் கதைக்கு வந்தார். எரிந்து வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி எஞ்சினுக்குள்ளேயே அனுப்பும் கதவு அது. புகையில் ஆக்சிஜன் குறைவாகையால், அது கலக்கும்போது உள்ளே எரியும் வெப்பம் தணிகிறது. வெப்பம் மிகுந்தால் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. மூச்சுக்குழாயை அரிக்கும் வாயுக்கள் அவை. கதவு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் எஞ்சினுக்குக் காற்று போதாமல் கரும்புகை வரும். தகடு வைத்து அடைத்தால் கரும்புகை போகும். நைட்ரஜன் ஆக்சைடுகள் பெருகும். நிலையத்துச் சோதனை அவற்றை அளப்பதேயில்லை. சான்று கிடைத்துவிடும், நஞ்சு தெருவிலேயே இருக்கும்.

2015ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிப்பட்ட வோக்ஸ்வாகன் விவகாரம் எங்கள் நினைவுக்கு வந்தது. சோதனை நடக்கிறது என்று கண்டுகொள்ளும் மென்பொருளை டீசல் கார்களில் வைத்து, சோதனைக்கு ஒரு முகமும் சாலைக்கு ஒரு முகமும் காட்டிய கதை. உலகெங்கும் சுமார் 1.1 கோடி வண்டிகள். அங்கே மறைக்கப்பட்டதும் இதே நைட்ரஜன் ஆக்சைடுகள்தாம். அன்று அதைச் செய்தியில் படித்து நாங்கள் கோபப்பட்டிருந்தோம். அவர்கள் மென்பொருளால் செய்ததை நாங்கள் ஒரு தகட்டால் செய்யவிருந்தோம்.

அண்ணாச்சி எளிதிலிருந்து தொடங்கினார். ஏர் பில்டரைக் கழற்றினார். உப்பளத்துப் புழுதி அப்பிக் கெட்டியாகியிருந்தது, புதிது போட்டோம். அடுத்து, டர்போவிலிருந்து காற்றைக் கொண்டுசெல்லும் ரப்பர் குழாய்களைக் கையால் தடவிக்கொண்டே போனார். கிளிப்புக்கு அடியில் ஓரிடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. பிசுக்கைத் துடைத்தால் விரலளவு வெடிப்பு. அழுத்தி அனுப்பப்படும் காற்று அதன் வழியே வீணாகிக்கொண்டிருந்தது. குழாயை மாற்றினோம். இவ்விரண்டிலேயே புகை பாதி குறைந்ததுபோல் தோன்றியது. எனினும் தோற்றத்தை நம்பக்கூடாது என்று மீண்டும் அளந்தோம்: 69.

பிறகே ஸ்கேனரைச் செருகினார். அது இ.ஜி.ஆர். வால்வைச் சுட்டியது. கழற்றிப் பார்த்தபோது எண்ணெயாவியும் கரியும் சேர்ந்து தார்போல் இறுகிக் கதவை மூடவிடாமல் பிடித்திருந்தன. நாங்கள் இருவரும் ஒரு பகல் முழுதும் அமர்ந்து கிளீனரும் பிரஷும் கொண்டு அதைச் சுரண்டினோம். கை மணிக்கட்டு வரை கறுத்தது. சுத்தம் செய்து மாட்டியும் ஸ்கேனர் அதே பிழையைக் காட்டியது. வால்வை இயக்கும் சொலினாய்டின் கனெக்டரைப் பிரித்தார் அண்ணாச்சி. உள்ளே செம்புப் பின்கள் பச்சையாகக் களிம்பேறியிருந்தன. கடற்காற்றின் வேலை. "இந்த ஊர்ல எந்த வண்டிக்கும் மொதல்ல கனெக்டரப் பாக்கணும், பார்ட்ட மாத்துறது பொறவு" என்றார். பின்களைச் சுத்தம் செய்து, விரிந்துபோன வேக்கம் குழாய் ஒன்றையும் மாற்றினார். நாசில்களைக் கழற்றிப் பம்பு சர்வீஸ் கடையில் சோதித்துப் பார்த்தோம். நான்கும் நன்றாகவே இருந்தன.

இறுதி அளவு 43. மொத்தச் செலவு, நாசில்களுக்கு முதற்பட்டறை கேட்ட தொகையில் நான்கில் ஒரு பங்கு கூட இல்லை. தகட்டைவிடப் பல மடங்கு அதிகம் என்பதும் உண்மைதான்.

அடுத்த முறை திருநெல்வேலிக்குப் போனபோது விடியற்காலை. வல்லநாட்டு ஏற்றத்தில் மூன்றாம் கியரில் அழுத்தி மிதித்துவிட்டுக் கண்ணாடியில் பின்னால் பார்த்தோம். சாலை தெளிவாகத் தெரிந்தது. தந்தையார் தன் பக்கத்துக் கண்ணாடியில் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. துண்டு மடியிலேயே கிடந்தது.

வண்டியைச் சரிசெய்துவிட்டோம் என்று இதைப் பெருமையாக எழுதவில்லை. தந்தையாரின் மூச்சு அப்படியேதான் இருக்கிறது. அதைத் துலக்க எந்தக் கிளீனரும் இல்லை. பழைய டீசல் எஞ்சின் எத்தனை சுத்தமாக ஓடினாலும் புகை விடாமல் இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாததை இன்றும் நாங்கள் விட்டுக்கொண்டுதான் போகிறோம், முன்பைவிடக் குறைவாக. இவ்வகை வண்டிக்குச் சான்று ஆறு மாதம்தான் செல்லும். பதிவோ பதினைந்து ஆண்டுகள். 2026இல் அதையும் புதுப்பித்தாக வேண்டும். அப்போதும் யாரேனும் ஒரு தகட்டை நீட்டக்கூடும். அளவான தகடு கையில் இருக்கும் நாளிலும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பது மட்டுமே நாங்கள் எங்களுக்குள் செய்துகொண்ட முடிவு.