களி உருண்டையின் கணக்கு

கொல்லிமலையில் மனநல ஆலோசகராக வேலைக்கு வந்த புதிதில், "ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிடுவீங்க?" என்றுதான் முதலில் கேட்பேன். அந்தக் கேள்வியால் ஒன்றும் பிடிபடவில்லை. காலையிலிருந்து மிளகு பறித்துவிட்டு வரும் ஆள் மூன்று களி உருண்டை சாப்பிடுவார். ஆடிப் பதினெட்டுக்கு, செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும் நாளில், கறிச்சோற்றை யார் அளந்து போடுகிறார்கள்? இதெல்லாம் நோயில்லை.

'பிஞ்ச் ஈட்டிங் டிஸ்ஆர்டர்' 2013இல்தான் மனநோய்களை வரையறுக்கும் டி.எஸ்.எம்.-5 கையேட்டில் தனி நோயாக இடம்பெற்றது. இரண்டு மணி நேரம் போன்ற ஒரு பொழுதுக்குள், அதே சூழலில் பிறர் சாப்பிடுவதைவிடத் தெளிவாக அதிகம் உண்பது. நிறுத்த முடியாமல் போவது. அதனால் மனம் நோவது. வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதம். 'அதே சூழலில்' என்ற சொல்லுக்காகவே இந்த ஊர்ச் சாப்பாட்டை நான் படிக்க வேண்டியிருந்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த இன்னொரு நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11, அளவு பெரிதாக இருந்தாக வேண்டும் என்று கேட்பதில்லை. கட்டுப்பாடு போனதா என்றே பார்க்கிறது. அதுவே சரியென்று நினைக்கிறேன்.

சோளக்காடு சந்தையில் அன்னாசி விற்கும் அக்கா ஒருவர் வயிற்று வலியென்று வந்தார். வேறோர் இடத்தில் "வாயைக் கட்டுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பட்டினி கிடந்தால் இந்த நோய் அடங்காது, பெரும்பாலும் முற்றும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

"ஆரம்பிச்சா நிறுத்த முடியுதாக்கா?"

"முடியல மேடம். எல்லாரும் தூங்கினப்புறம் அடுப்படியில நின்னுக்கிட்டே வெறும் சோத்த அள்ளி அள்ளிப் போட்டுக்குவேன். பசியே இருக்காது. வயிறு வலிக்கிற வரைக்கும். அப்புறம் என்னை நெனச்சாலே அருவருப்பா இருக்கும். விடிஞ்சா பிள்ளைங்க பாக்குமேன்னு சட்டியக் கழுவிட்டுத் திரும்ப உலை வெப்பேன்."

வேகம், வலிக்கும் வயிறு, பசியின்மை, ஒளிவு, அருவருப்பு: டி.எஸ்.எம்.-5 சொல்லும் ஐந்து அறிகுறிகளில் மூன்று போதும், அவரிடம் ஐந்தும் இருந்தன.

வெள்ளிக்கிழமை ஒருபொழுது இருப்பதாகவும் சொன்னார். இங்கே அவசரப்படக் கூடாது. ராத்திரி தின்றதைச் சரிக்கட்டப் பட்டினி கிடந்தாலோ வாந்தி எடுத்தாலோ புலிமியா என்று யோசிக்க வேண்டும். பதமாகக் கேட்டேன். எட்டுக்கை அம்மனுக்கு வேண்டுதல், கல்யாணத்துக்கு முன்பிருந்தே. வாந்தியும் இல்லை.

மிச்சமிருந்தது காலம். வாரத்துக்கு மூன்று ராத்திரி என்றார்; எத்தனை மாதமாக என்றதற்கு விழித்தார். எதை ஒட்டி ஆரம்பித்தது என்று மாற்றிக் கேட்டேன்.

"மாசியில, மிளகு பறிச்சு முடிச்சப்ப."

வெளியே அவர் கூடையில் பலாச்சுளை மணத்தது. ஆனி பிறந்திருந்தது. வாரத்துக்கு மூன்று ராத்திரி, நாலு மாதம் என்று எழுதினேன்.