உப்பு வந்தால் மட்டும்

பிச்சாவரம் போனால் படகுக்காரரிடம் வெண்கண்டல் மரத்தை ஒட்டி நிறுத்தச் சொல்லுங்கள். வெயில் ஏறிய நேரத்தில் இலையைத் தடவினால் விரலில் வெள்ளையாகப் பொடி ஒட்டும். நாக்கில் வைத்தால் கரிக்கும். (இலையைக் கிள்ள வேண்டாம், தடவினாலே போதும்.)

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதில் பெரும்பகுதியை வேரே உள்ளே விடாது. மீறி ஏறியதில் ஒரு பங்கை இலைச் சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. மிச்சத்தைச் செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற பையில் அடைத்துவைக்கிறது மரம். வேலை நடக்கும் இடத்தில் சோடியம் சேர்ந்தால் நொதிகள் முடங்கிவிடும்.

இந்தப் பையின் வாயிலைக் காக்கும் புரதத்துக்கான மரபணு கண்டலுக்கு மட்டும் வாய்த்ததல்ல. உப்பைக் கண்டால் கருகும் நெல்லிலும் அதன் உறவு இருக்கிறது. அதை எப்போது, எந்தத் திசுவில், எவ்வளவு வேலை வாங்குவது என்பதில்தான் மரத்தின் கெட்டிக்காரத்தனம். உப்பு பட்டதும் வேர்ச்செல்லில் கால்சியம் எகிறும்; அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடும்; மரபணுவின் முகப்பில் சில புரதங்கள் வந்து உட்கார்ந்து அதை எழுப்பும்.

அப்படி எழுப்பும் புரதம் ஒன்றை ஓயாமல் சுரக்கும்படி, கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸ் செடியை ஜப்பானிய விஞ்ஞானிகள் மாற்றிப் பார்த்தார்கள். செடி உப்பையும் வறட்சியையும் தாங்கியது, ஆனால் குள்ளமாகிப்போனது. நெருக்கடியில் மட்டும் விழிக்கும் ஊக்கியை அந்தப் புரதத்தின் மரபணு முகப்பில் பொருத்தியதும் குறை பெருமளவு தீர்ந்தது. முடிவு வெளியானது 1999இல்.

படித்தபோது என் வயதுக்காரர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். ரேஷன் வரிசையில் நின்று சிக்கனம் பழகியவர்கள் நாங்கள். அந்தக் குணம்தான் எங்களைக் கரைசேர்த்தது, பழிக்க மாட்டேன். பிள்ளைகள் தலையெடுத்து வீடு நிறைந்த பிறகும், பேரன் இன்னொரு தோசை கேட்டால் மாவுப் பாத்திரத்தை எட்டிப் பார்க்கிறோமே, அதுதான் உறுத்துகிறது. பஞ்சம் போய் எத்தனையோ வருஷம். உடம்புக்கு இன்னும் சேதி எட்டவில்லை. பட்ட கஷ்டத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பலரும் அதை இறக்கிவைக்கத் தெரியாதவர்கள் என்பது என் அபிப்பிராயம்.

வெண்கண்டலின் மரபணுக்களைச் சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் பிரித்தெடுத்து நெல்லில் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அப்படியொரு விதை கைக்கு வந்தால், உப்பைத் தாங்குமா என்பதோடு கடைமடைக்காரர் விடமாட்டார். ஆற்றில் தண்ணீர் நன்றாக வந்த வருஷத்தில் ஏக்கருக்கு எத்தனை மூட்டை காணும் என்றும் கேட்பார்.